மலை ஊருக்குப் பெயர் வந்த வழி: நீலகிரியில் ஊர்ப்பெயர் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவன் நான். "கிரி என்றால் மலை. கோத்தர்கள் வாழும் மலை, அதனால் கோத்தகிரி" என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஊர் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானும் அதையே பல வருடம் சொல்லி வந்தேன். பிறகு ஒரு நாள், கோத்தர் ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கையை நீட்டி மேலேயிருந்து கீழே வரிசையாகக் காட்டினார். "இது மேக்கேர், அது நடுக்கேர், அந்தக் கடைசியில் கீக்கேர்." கேர் என்றால் வீடுகளின் வரிசை, தெரு. கோத்தர் ஊர் இப்படித்தான் மேல், நடு, கீழ் என்று வரிசை வரிசையாக இருக்கும். அந்தச் சொல் கன்னடத்தில் கேரி, தமிழில் சேரி. கோத்தகிரியில் உள்ள ‘கிரி’ மலையே இல்லை, அது கோத்தர்களின் கேரி என்று அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. பக்கத்திலேயே ‘நீலகிரி’ என்ற பெரிய பெயர் இருக்கும்போது, எழுதுகிறவர் கை கேரியைக் கிரியாக்கிவிட்டதில் வியப்பில்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. ஒரு பெயரை அது பிறந்த மொழியில் கேட்க வேண்டும். நீலகிரியில் இது மற்ற இடங்களைவிட முக்கியம். தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆளுக்கொரு மொழி இங்கே உண்டு. எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிற மொழி தமிழ். பெயர் பிறந்தது ஒரு வாயில், எழுதப்பட்டது இன்னொருவர் கையில். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு பேருந்துத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

மாவட்டம் முழுவதையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் மொழிச் சூழலும் வேறு. ஒரு பள்ளத்தாக்கு போதும். அதிலும் ஒரு பேருந்துத் தடம்தான் மிக வசதி. பேருந்து நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரை வாயால் சொல்லி இறங்குகிறவர்களும் இருப்பார்கள். பதினைந்து இருபது பெயர் சேர்ந்தால் ஆரம்பத்துக்கு நிறைய.

கை பழக ஆசைப்படுகிறவர்களுக்கு மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை என்று பலகைகள் வரும். கல்லாறு நேரான தமிழ். அடுத்த மூன்றும் வெள்ளைக்காரர் ஏட்டில் பிறந்தவை. கேத்தி படகர் ஊர். வெலிங்டன் ஓர் ஆங்கிலத் தளபதியின் பட்டப்பெயர். ஆனால் அந்தப் பட்டாளக் குடியிருப்புக்கு முதலில் வழங்கிய பெயர் ஜக்கதலா. பக்கத்திலுள்ள படகர் ஊரான ஜெகதளாவின் பெயர்தான் அது. 46 கிலோமீட்டரில் இத்தனை அடுக்கு!

இரண்டாம் படி: ஒரு பெயருக்கு எத்தனை வடிவம் என்று எழுதுங்கள்

நோட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பேருந்துப் பலகையில் உள்ள எழுத்து, அஞ்சலக முத்திரையில் உள்ள எழுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் உள்ள எழுத்து, சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். நீலகிரியின் பெரும்பகுதி 58ஏ வரிசைத் தாள்களில் வரும். கடைசியில், ஊர்க்காரர் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஐந்தில் இதுதான் முக்கியம்.

ஏன் என்றால், தமிழ் எழுத்து ‘ஹ’வை அடிக்கடி விழுங்கிவிடும். பலகையில் அதிகரட்டி, தும்மனட்டி என்று இருக்கும். ஊரில் கேட்டால் கடைசியில் ‘ஹட்டி’ தெளிவாக விழும். ‘அட்டி’ என்று வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே கவனித்துவிடுங்கள். வருவாய்த்துறையின் ‘கிராமம்’ வேறு, மக்கள் சொல்லும் ஊர் வேறு. ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள் இருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம்.

மூன்றாம் படி: பெயரின் வாலைப் பிடியுங்கள்

ஊர்ப்பெயரில் முன்பாதி எப்போதும் வழுக்கும், பின்பாதி கைக்குள் அடங்கும். அதனால் வாலில் தொடங்குங்கள். அது யார் வைத்த பெயர் என்பதைப் பெரும்பாலும் வாலே சொல்லிவிடும்.

‘ஹட்டி’ என்று முடிந்தால் அது படகர் ஊர். ‘மந்து’ என்று முடிந்தால் தோதவர் ஊர். முத்தநாடு மந்து, மஞ்சக்கல் மந்து போல. தோதவர் வாயில் இந்தச் சொல் ‘மொத்’ என்பதுபோல் ஒலிக்கும். ‘மந்து’ என்பது அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் சொன்ன வடிவம். தமிழில் மாடு அடையும் இடத்தையும் மக்கள் கூடும் பொதுவிடத்தையும் குறித்த மன்று, மந்தை இரண்டும் இதற்கு நெருங்கிய உறவு. எருமையைச் சுற்றியே வாழ்வை அமைத்துக்கொண்டவர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

‘நாடு’ என்று முடியும் எப்பநாடு, கடநாடு, தேனாடு போன்றவை குடியேறிப் பயிர் செய்த நிலப்பகுதியைக் காட்டும். கொம்பை என்று முடியும் வெள்ளரிக்கொம்பை போன்றவை சரிவுகளில் உள்ள குறும்பர் குடியிருப்புகள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் குடியிருப்பைப் ‘பாடி’ என்பார்கள். ஆயர்பாடியில் வரும் அதே பாடிதான் அது. பெட்டு, பெட்டா என்றால் மலை. தொட்டபெட்டா என்றால் பெரிய மலை, அவ்வளவுதான். 2,637 மீட்டர் உயரத்துக்கு நேர்மையான பெயர்.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே லைன், டிவிஷன், நம்பர் என்றுதான் பெயர். 1964-ம் வருட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்கள் போடப்பட்டன. அந்தக் குடியிருப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயர்களை வைத்தபோது உடனிருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘ஏன் இந்தப் பெயர்?’ என்ற கேள்விக்கு நேரில் கண்டவரின் பதில் கிடைக்கும் இடம் இது மட்டும்தான்.

நான்காம் படி: ஒலி மாறும் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

பலர் தயங்கி நின்றுவிடும் இடம் இது. பயப்பட ஒன்றுமில்லை. மூன்று விதி தெரிந்தால் நீலகிரிப் பெயர்களில் பெரும்பகுதி திறந்துவிடும்.

முதல் விதி: தமிழில் ‘ப’வில் தொடங்கும் சொல் கன்னடத்திலும், படகர்களின் மொழியான படகிலும் ‘ஹ’வில் தொடங்கும். பால் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, பள்ளம் ஹள்ள, பள்ளி ஹள்ளி, புலி ஹுலி, பொன் ஹொன்னு. சரி, இப்போது ‘ஹட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹ’வைப் ‘ப’ ஆக்கிப் பாருங்கள். பட்டி! ஆடுமாடு அடைக்கும் தொழுவத்துக்கும் சிற்றூருக்கும் நம் ஊர்களில் சொல்லும் அதே பட்டி. ஆண்டிப்பட்டியும் உசிலம்பட்டியும் தும்மனட்டியும் ஒரே வாலுடையவை. இதை முதன்முதலில் நோட்டில் எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து ‘அவர்கள் ஊர்’, ‘நம் ஊர்’ என்று பிரித்துக் கேட்ட பெயர்கள் ஒரே தொழுவத்திலிருந்து கிளம்பியவை.

இந்த விதியில் காலக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. கன்னடத்தில் ‘ப’ படிப்படியாக ‘ஹ’ ஆனது பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். ஆகவே ஹட்டி என்று பெயர் வைத்தவர்கள் அந்த மாற்றம் நடந்த மொழியோடு மலையேறியவர்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று படகர்கள் சொல்லும் குடிவரலாறும் இதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாம் விதி: தமிழ் ‘வ’ அங்கே ‘ப’. வெள்ளி பெள்ளி ஆகும், வேட்டை பேட்டெ ஆகும், வில் பில்லு ஆகும். இந்த விதியைப் போட்டால் ‘படகர்’ என்ற பெயரே திறந்துவிடும். வடக்கு, வடகர், படகர். வடக்கிலிருந்து வந்தவர்கள்.

மூன்றாம் விதி: தமிழ் ‘ச’ சில சொற்களில் அங்கே ‘க’. செவி கிவி ஆகும், சேரி கேரி ஆகும். கோத்தகிரிக் கதை இதில்தான் இருக்கிறது.

மக்களின் பெயருக்கும் இதையே செய்து பாருங்கள். தோதவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘ஓள்’ என்று. தமிழ் ‘ஆள்’தான் அது. கோத்தர்கள் தங்களைச் சொல்வது ‘கோவ்’. வரைபடத்தில் ஏறியது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயர்தான். ஊருக்கும் அப்படியே. முத்தநாடு மந்துக்குத் தோதவர் வைத்திருக்கும் பெயர் ‘நோஸ்’ என்பதுபோல் ஒலிக்கும், முத்தநாட்டோடு அதற்கு ஒலித் தொடர்பே கிடையாது. எனவே ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஊரார் வைத்த பெயர்’, ‘அயலார் வைத்த பெயர்’ என்று இரண்டு வரி தனியாக விடுங்கள்.

ஐந்தாம் படி: தமிழ்க் காதை நம்பாதீர்கள்

நாம் தமிழர்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் நம் காது அதற்குள் தமிழைத் தேடும். அதில் குற்றமில்லை, ஆனால் மலையில் அது வழி தப்ப வைக்கும்.

நஞ்சநாடு என்றதும் நஞ்சு நினைவுக்கு வரும். நஞ்சன் என்பது படகர்களிடையே வழக்கமான ஆண் பெயர். மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு இருக்கிறது, அங்கே கோயில் கொண்டிருப்பவர் நஞ்சுண்டேஸ்வரர். விஷத்தை ஓரம் வைத்துவிட்டு அந்தப் பக்கமாகத் தேடுங்கள். காட்டேரி என்றதும் இரத்தம் குடிக்கும் பேய் வரும். அது படகர் ஊர் என்பதை முதலில் நினைவில் வைத்து, அந்த ஊரில் கேளுங்கள். குன்னூர் என்றால் நமக்குக் குன்று. படகில் ‘குன்ன’ என்றால் சின்ன. இரண்டுமே பொருந்துகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றை வெட்டாதீர்கள்.

ஓவேலி எனக்கு மிகவும் பிடித்த பெயர். கூடலூருக்குத் தெற்கே, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. இன்று பேரூராட்சி. வேலி என்றால் நமக்கு வேலிதான், நில அளவும்கூட. ஆனால் 1840-களில் நீலகிரியை அளந்த ஜேம்ஸ் அக்டர்லோனியின் குடும்பம் அங்கே காப்பித் தோட்டம் போட்டது. அக்டர்லோனி வேலி என்று வெள்ளைக்காரர் எழுதினார்கள்; ஆங்கிலத்தில் வேலி (valley) என்றால் பள்ளத்தாக்கு. வாயில் நுழையாத அந்தப் பெயர் ஓ வேலி ஆகி, பிறகு ஓவேலியாக ஒட்டிக்கொண்டது. அவலாஞ்சியும் இப்படித்தான். பெரிய மண்சரிவு ஒன்று நடந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த சொல் அது. இன்று கேட்டால் ஏதோ பழைய மலைச்சொல் போல இருக்கும்.

உதகமண்டலத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம். ஏரியும் இருக்கிறது, கச்சிதமாகப் பொருந்துகிறது அல்லவா? ஆனால் அந்த ஏரி 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது. ஊர்ப்பெயரோ 1821-லேயே ‘ஒட்டக்கிமந்து’ போன்ற ஒரு வடிவத்தில் அச்சில் ஏறிவிட்டது. மண்டலமாக மாறியிருப்பது மந்துதான். முன்பாதிக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ‘ஒற்றைக்கல்’ அதிகம் கேட்கக் கிடைப்பது.

ஆறாம் படி: ஊரின் மேல் நின்று பாருங்கள்

வீட்டில் உட்கார்ந்து பிரித்த பொருளை நிலத்தில் சரிபாருங்கள். கூடலூர் என்றால் கூடும் இடம். அங்கே போய் நின்றால் மைசூர், கேரளம், உதகை மூன்று பக்கத்துச் சாலைகளும் கூடுவது தெரியும். நாடுகாணியில் நின்றால் கீழே நாடு விரியும்.

குன்னூர்ப் பக்கம் உள்ள உலிக்கல் இதற்கு நல்ல பாடம். பலகையில் ‘உலிக்கல்’ என்று பார்க்கும் தமிழர் கல் கொத்தும் உளியை நினைப்பார். ஊர் வாயில் அது ஹுலிக்கல். முதல் விதியைப் போடுங்கள்: புலிக்கல். இனி நிலத்துக்கு வாருங்கள். சுற்றுவட்டாரத்தை நடுங்க வைத்த ஆட்கொல்லிப் புலி ஒன்றைப் படகர் ஒருவர் இங்கே கொன்றார் என்றும், ஊருக்குத் தெற்கே பிள்ளையார் கோயிலுக்கு அருகில் அதைப் புதைத்த இடத்தில் மூன்று கற்கள் நிற்கின்றன என்றும் ஊரில் சொல்லி வந்த கதை, 1908-ல் வந்த மாவட்டக் கெசட்டியரில் பதிவாகியிருக்கிறது. ஒலி, கல், கதை மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. எல்லா ஊருக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்காது. வாய்க்கும் இடத்தில் நன்றாகப் பதிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: கேட்கத் தெரிந்து கேளுங்கள்

"இந்த ஊர்ப்பெயருக்கு அர்த்தம் என்ன?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள். "ஊர் முதலில் இதே இடத்தில்தான் இருந்ததா?" "பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் ஊரை எப்படிச் சொல்வார்கள்?" "பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை?" "சாவுக்கு யார் யார் வருவார்கள்?" பெயர் அந்தப் பேச்சுக்கு நடுவே தானாக வந்து விழும்.

வயதான பெண்களிடம் கட்டாயம் பேசுங்கள். வேறு ஊரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர்கள் அவர்கள், ஆகவே இரண்டு ஊரின் உச்சரிப்பும் அவர்கள் காதில் இருக்கும். ஒரு தேயிலைக் காட்டு ஓரத்தில் கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அம்மா ஒருவர், நான் ஊர்ப்பெயரைச் சொன்னதும் சிரித்து, "அது நீங்கள் எழுதுவது தம்பி, நாங்கள் இப்படிச் சொல்வோம்" என்று மூன்று தரம் மெதுவாகச் சொல்லிக் காட்டினார். விழுந்துபோன ‘ஹ’ எங்கே இருந்தது என்று அன்று மாலை அந்தப் பதிவைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

தோதவர் மந்துகளில், எருமைப் பாலைக் கையாளும் புனித இடமான பால்கோயிலுக்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. எதுவரை போகலாம், எதைப் படம் எடுக்கலாம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். சில பெயர்களை வெளியே சொல்ல வேண்டாம் என்றால் எழுதவும் வேண்டாம்.

எட்டாம் படி: பழைய ஏடுகளுக்குப் போங்கள்

ஊருக்குப் போய் வந்த பிறகு ஏட்டைத் திறப்பதே நல்லது. முன்னாலேயே படித்துவிட்டால், படித்ததையே ஊராரிடம் சொல்ல வைத்துவிடுவோம்.

மிகப் பழைய தடம் 1117-ம் வருடக் கன்னடக் கல்வெட்டு. ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோதவரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததை அது சொல்கிறது. ஊர்ப்பெயர்களுக்கு அதைவிடப் பயன்படுவது 1821-ல் வார்டு என்பவர் செய்த நில அளவைக் குறிப்பு, 1880-ல் கிரிக் தொகுத்த மாவட்டக் கையேடு, 1908-ல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் ஆகியவை. பிந்தைய இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படகுச் சொற்களுக்கு ஹாக்கிங்ஸ், பிலோ-ரைச்சூர் இருவரும் 1992-ல் கொண்டுவந்த அகராதி இருக்கிறது. சொற்களின் உறவைப் பார்க்க, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கைவிளக்கு மாதிரி. எமனோ 1930-களில் இந்த மலையிலேயே தங்கித் தோதவர், கோத்தர் மொழிகளைக் கற்றவர். உதகையில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம், முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், கோத்தகிரி கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவன் பங்களா மூன்றும் ஒரு நாள் சுற்றுக்குள் அடங்கும். ஆழமாகப் போகிறவர்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்.

ஏட்டில் இருப்பதாலேயே சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதிய வெள்ளைக்கார அதிகாரி பெரும்பாலும் கீழ்நாட்டுத் தமிழ் அல்லது கன்னட உதவியாளர் வாயிலாகத்தான் கேட்டிருப்பார்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள்

ஒவ்வோர் ஊருக்கும் தெரிந்ததையும், ஊகத்தையும், கதையையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உதாரணத்துக்கு: "உலிக்கல். ஊர் வழக்கு ஹுலிக்கல். மொழி படகு. ஹுலி புலி, கல் கல். கதை: புலி கொன்ற இடம், மூன்று கற்கள், 1908-க்கு முன்பே வழக்கில் இருந்தது." இவ்வளவு போதும். அலங்காரம் வேண்டாம்.

ஊர்ப்பெயர் முடிந்ததும் அதைவிடச் சின்னப் பெயர்களுக்கு வாருங்கள். ஓடைக்கு, பாறைக்கு, தோட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. ஊர்ப்பெயராவது பேருந்துப் பலகையில் இருக்கும், இவை எந்தப் பலகையிலும் இல்லை. சாமையும் கொரளியும் விதைத்த நிலம் தேயிலையாகி, தேயிலை இப்போது பல இடங்களில் காட்டேஜாகிக்கொண்டிருக்கிறது. நிலம் கை மாறும்போது பத்திரத்தில் சர்வே எண் மட்டும்தான் போகும். எனவே ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஒரு காலை நேரம் மெதுவாக நடங்கள். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, அவர் சொல்லும் பெயரைச் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் ஒரு நகல் எடுத்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.